குளித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

கதவை வெறுமனே சாத்தியிருக்கிறார்கள். இந்த இல்லத்தில் குளியலறைக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது என்று மேனேஜர் அனந்தலட்சுமி மேடம் காலையில் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால் கதவை உடைத்துக்கொண்டிருக்க முடியாது, அதற்காகத்தான் என்றார். சரிதான். எங்கள் வீட்டிலும் இரண்டு வருடமாக அம்மா குளிக்கும்போது தாழ்ப்பாள் போட்டதில்லை, போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை, நானும் உள்ளேதானே இருப்பேன். இன்று நான் வெளியே இருக்கிறேன். அம்மாவும், இங்கே குளிப்பாட்டிவிடும் ஜெனோவா அக்காவும் உள்ளே. இந்த அறையின் கட்டில் மெத்தை இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் இருக்கிறது, நான் அசைந்தால் அது சத்தம் போடுகிறது, அதனால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ஒப்பந்தம். ஒப்பந்தத்தின் மேல் பேனா. கடைசிப் பக்கத்தில் ‘பொறுப்பாளர் கையொப்பம்’ என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் நான் எழுதினால்தான் அம்மாவுக்கு இந்த அறை. அதற்கு முன் அம்மா சரி என்று சொல்ல வேண்டும். அம்மா மேனேஜரிடம் சொன்னது இதுதான்: “குளிச்சுப் பாத்துட்டுச் சொல்றேனுங்க.” அவர் சிரித்துவிட்டார். வருகிறவர்கள் டாக்டர் எப்போது வருவார், ஆம்புலன்ஸ் இருக்கிறதா, கோயில் எவ்வளவு தூரம், காபிப்பொடி என்ன பிராண்டு என்றெல்லாம் கேட்பார்களாம், குளித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கேட்டதில்லையாம். ஆனால் இதே அறையைப் பார்க்க மத்தியானம் வேறொரு குடும்பம் வருகிறது, சாப்பாட்டு வேளைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். ஆக, எல்லாம் இந்தக் குளியலில் இருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணெயை அந்த அக்கா சூடு பண்ணினாளா? ஆறிய எண்ணெய் என்றால் அம்மாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். போய்ச் சொல்லலாமா? கதவைத் தட்டி, அக்கா, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று. அம்மா என்ன நினைப்பாள்? நீ போய் உக்காரு என்பாள். உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

மாதக் கட்டணம் இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு. முதல் முறை இந்தத் தொகையைப் பார்த்தபோது செருப்புக் கடை விலை மாதிரி இருந்தது, இருபத்தைந்து என்று தெரியக் கூடாது என்பதற்காக ஐந்நூறைக் கழித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு ராத்திரி படித்துப் படித்துக் கண்டுபிடித்தேன்: அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லம் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து மாதம் இருபத்தைந்தாயிரம் வரை வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. அதைத் தாண்டக் கூடாது என்றுதான் இந்த ஐந்நூறு தள்ளி நிற்கிறது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை, தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிச் சொல்லலாம் போல இருந்தது. படித்தவள் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உபயோகம் இதுதான்: எதையும் மூன்று தடவை படிப்பது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், முதல் பட்டதாரி என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது, அதனால் அரசாங்கக் காகிதம் எதைப் பார்த்தாலும் அதை நான்தான் படிக்க வேண்டும், தப்பாகப் படித்தால் சொல்லித் திருத்த ஆள் இல்லை. அம்மாவின் கூடப்பிறந்த மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா ஐந்தாவது வரை. எனக்கோ பம்பு கம்பெனியில் தர ஆய்வாளர் வேலை, அச்சுத்தண்டு எத்தனை மைக்ரான் தேய்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். வருமான வரி? மூன்று வாரம் அலுவலகக் கணினியில் மதிய இடைவேளையில் தேடினேன், அம்மாவுக்காக நான் கட்டப்போகும் பணத்துக்கு எனக்கு வரிச் சலுகை உண்டா என்று. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு உண்டு, அதுவும் காப்பீடு இல்லாதவர்களுக்கு, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. நான் புதிய முறை. சரி, பழைய முறைக்கு மாறலாமா என்று ஆடிட்டர் ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த பிரசன்னா என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, மேடம், உங்க சம்பளத்துக்கு இப்ப வரியே கிடையாதே, எதுல கழிக்கப் போறீங்க என்றான். இல்லாத வரியில் சலுகை தேடி மூன்று வாரம். வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன், பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணீர். இதோ, விழுகிறது. முதலில் வாளியில், பிறகு அந்தச் சத்தம் மாறுகிறது, உடம்பில் விழும் தண்ணீருக்கு வேறு சத்தம், எனக்கு அது நன்றாகத் தெரியும். காலில்தான் முதலில் ஊற்ற வேண்டும். பாதம், முழங்கால், பிறகு தொடை, பிறகுதான் தோள். எடுத்ததும் தலையில் ஊற்றினால் அம்மாவுக்கு மூச்சு முட்டும். அந்த அக்காவுக்கு இது தெரியுமா? தெரிகிற மாதிரிதான் சத்தம் கேட்கிறது. “சூடு காணுமா, எம்மா?” காணுமா என்றால் போதுமா என்று அர்த்தமாம், வள்ளியூர்ப் பக்கம் அப்படித்தானாம், காலையிலேயே விளக்கம் சொல்லிவிட்டாள். அம்மா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் விரல்கள் மடங்க ஆரம்பித்தன, முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க. மூட்டுவாதம். மில்லில் இருபத்தாறு வருடம் ஓடும் நூலை அறுத்து முடிச்சுப் போட்ட விரல்கள், கண் சிமிட்டுவதற்குள் போடுவாள், இன்று ரவிக்கைக் கொக்கியைக்கூடப் பிடிக்காது. முதல் நாள் நான் குளிப்பாட்டியபோது இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் முதுகைப் பார்த்தேன். பெற்ற பிள்ளை முன்னால் அம்மணமாக உட்காருவது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டதில்லை, எனக்கு எப்படி இருந்தது என்று அவளும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு பழகிவிட்டது என்று சொல்வேன், ஆனால் பேச்சு மட்டும் வரவே இல்லை. வீட்டில் மற்ற இடமெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவள் குளியலறைக்குள் போனதும் வாயை மூடிக்கொள்வாள். சோப்பு, தண்ணீர், துண்டு. நானும் ஆறரை மணி கம்பெனி பஸ்ஸை நினைத்துக்கொண்டே ஊற்றுவேன். இப்போது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறது. அம்மாதான் பேசுகிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் வார்த்தை பிடிபடவில்லை, ஆனால் குரல் அவளுடையது, நடுவில் ஜெனோவா அக்கா ஏதோ கேட்கிறாள், மறுபடி அம்மா. சிரிக்கிறாள். குளிக்கும்போது அம்மா சிரிக்கிறாள். எனக்கு வந்திருப்பது பொறாமை என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஒப்பந்தத்தின் ஓரத்தை மடித்திருக்கிறேன், நிமிர்த்துகிறேன்.

இது என் யோசனை இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன். யாரும் நம்புவதில்லை. தொண்டாமுத்தூர்ச் சாலையில் பஸ்ஸில் போகும்போது இந்த இல்லத்தின் பலகையைப் பார்த்து அது என்ன இடம் என்று கேட்டது அம்மா. அடுத்த நாள் நான் வேலையில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பையனை நம்பர் போட்டுத் தரச்சொல்லிப் பேசியதும் அம்மா. குளிக்க வைப்பீர்களா, தலை வாரி விடுவீர்களா, ராத்திரி எழுந்தால் யாராவது வருவார்களா, ஆம்பளையா பொம்பளையா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் நான் வந்ததும் வீட்டை விற்றுவிடலாம் என்றாள். வேண்டாம் என்று அழுதேன், கோபப்பட்டேன், நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்றேன். அம்மா கோபப்படவில்லை. “பாத்துக்குவே கண்ணு. ஆனா ஒரு நாளைக்கு எம்மேல எரிஞ்சு விழுவே. இன்னும் விழுகலை. விழுகறதுக்குள்ள நான் போயிரோணும்” என்றாள். எரிந்து விழ மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு நாள் காலையில், பஸ் ஹாரன் தெருமுனையில் கேட்கும்போது, அம்மாவின் ரவிக்கைக் கொக்கி மாட்டாமல் மூன்றாவது தடவையும் நழுவியது, அப்போது நாக்கு நுனி வரைக்கும் வந்த ஒரு சுடுசொல்லை நான் விழுங்கினேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. முதுகுக்கும் கண் உண்டு போல.

சின்னச்சாமி மாமாதான் கத்தினார். பெற்றவளை ஹோமில் விட்டுவிட்டாள் என்று நாலு பேர் கேட்டால் நான் எங்கே போய் நிற்பேன் அம்மிணி என்றார். நாலு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. வீட்டை விற்கும் பணத்தில் சரவணம்பட்டியில் ஒரு சின்ன ஃபிளாட், அம்மா பேரிலேயே, இருவரும் இருந்துகொள்ளலாம், வீட்டோடு ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம், வரியும் மிச்சம். வரியும் மிச்சம் என்ற இடத்தில் அவர் குரல் ஏறியது, அதில் மட்டும் அவர் சொன்னது சரி. பிரசன்னா அதைத்தான் விளக்கினான். பழைய வீட்டை விற்றால் வரும் லாபத்துக்கு வரி உண்டு. அந்த லாபத்தில் வேறு வீடு வாங்கினால் அந்த வரி இல்லை. ஆனால் இல்லத்தில் அறைக்காகக் கட்டும் மூன்று லட்சம் டெபாசிட் வீடு வாங்கியதாக ஆகாது, அது திரும்பி வரும் பணம், அறை நமக்குச் சொந்தமும் இல்லை. ஆகவே இங்கே வந்தால் வரி முழுசாகக் கட்ட வேண்டும், ஐந்து லட்சத்துக்கு மேல். அம்மா அவன் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், மடங்கின விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு. அவன் பாவம், நல்ல பையன், வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னான், குறைப்பதற்கு வேறு வழியும் இருக்கிறது, குறிப்பிட்ட பாண்டுகளில் போட்டு ஐந்து வருடம் வைத்தால் என்று ஆரம்பித்தான். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். கட்டினால் ரசீது தருவார்களா என்று கேட்டாள். தருவாங்கம்மா, சலான் வரும். என் பேர் இருக்குமா. இருக்கும்மா. “அப்ப கட்டிரலாங்க. அதை லேமினேசன் பண்ணித் தாங்க” என்றாள். பிரசன்னா என்னைப் பார்த்தான். எனக்கும் அப்போது புரியவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபிறகுதான் சொன்னாள். ஒரு வருடத்துக்கு முன் உக்கடம் போகும் டவுன் பஸ்ஸில், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ், முழங்கால் மடங்காமல் படியில் மெதுவாக ஏறினாளாம். ஓசியில போறதுக்கு இவ்வளவு நேரம், எல்லாம் நம்ம வரிப்பணம் என்று உள்ளே இருந்து ஒருவன் சொன்னானாம். டிபன் கேரியர் வைத்திருந்தானாம், நல்ல சட்டையாம். சட்டையெல்லாம் அம்மா மறக்க மாட்டாள். நான் சொன்னேன், அம்மா, நீ வாங்கும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் மருந்துக்கும் எல்லாவற்றுக்கும் இத்தனை வருடமாக வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறாய். “அது கடைக்காரன் பேர்ல போகுது. எம் பேர்ல ஒண்ணு வேணும்.” ஆட்டோக்காரர் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். ஐந்து லட்சம். ஐந்து லட்சத்துக்கு எத்தனை மாதக் கட்டணம் என்று என் மனம் அந்த ஆட்டோவில் வகுத்துக்கொண்டே இருந்தது, இருபது மாதம், இருபது மாதம் என்று சிக்னலுக்குச் சிக்னல். அம்மாவோ ஜன்னல் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள், ஏதோ நகை வாங்கிக்கொண்டு திரும்புகிறவளைப் போல.

இப்போது தலைக்கு ஊற்றுகிறார்கள். சீயக்காய் வாசனை கதவிடுக்கில் வருகிறது. காலையில் இந்த அறையில் பால் வாசனை. அதைச் சொல்ல வேண்டும். குளித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றவள், அறையைக் காட்டிவிட்டு மேனேஜர் மேடம் அந்தப் பக்கம் நகர்ந்ததும், என் தோள்பையில் இருந்து பால் பாக்கெட்டை எடுக்கச் சொன்னாள். எப்போது வைத்தாள் என்று தெரியாது. அலமாரியில் வெந்நீருக்காக ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் இருந்தது, அதில் ஊற்று என்றாள். அம்மா, இது இன்னும் நம் அறை இல்லை, அறைகளில் சமைக்கக் கூடாது என்று பதினோராவது விதி இருக்கிறது. யார் சமைக்கறா, பால் காய்ச்சாம ஒரு வீட்டுக்குள்ள எப்படிக் குளிக்கறது என்றாள். வாடகை வீட்டுக்குக்கூடக் காய்ச்சுவோம், ஆனால் கெட்டிலில் பால் காய்ச்சினால் என்ன ஆகும் என்று பம்பு கம்பெனியில் வேலை செய்கிற நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, கிழக்கு எது என்று தேடிக்கொண்டிருந்தேன். பால் பொங்கியது, பொங்கி அடிப்பகுதிக்குள் இறங்கியது, படீரென்று ஒரு சத்தம், இந்த வரிசை முழுவதும் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது. பக்கத்து அறைகளில் டீவிகள் நின்றன. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருவர் வாக்கரோடு, ஒரு அம்மாள் தலைக்குச் சாயம் பாதி பூசியபடி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஸ்டீபன் சார் என்பவர் கையில் ரிமோட்டோடு, கடைசி ஓவர் என்று சொல்லிக்கொண்டே. ஒப்பந்தம் போடும் முன்பே விதி மீறல், இனி இந்த அறை கிடைக்காது, டெபாசிட்டில் பிடிப்பார்கள், கெட்டில் விலை, ஃப்யூஸ் விலை. அம்மா வாசலில் நின்று, பால் பொங்கிருச்சுங்க, உள்ள வாங்க என்று எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்தார்கள். மிச்சமிருந்த பாலை மாத்திரை விழுங்கும் சின்ன டம்ளர்களில் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினேன். சர்க்கரை வேண்டாம் என்ற ஸ்டீபன் சார் பால் தீர்ந்தபிறகு, கொஞ்சம் போட்டிருக்கலாம் என்றார். சாயம் பூசிய அம்மாள், நான் வந்தப்ப இந்த அறிவு எனக்கு இல்லாமப் போச்சே என்றாள். மேனேஜர் மேடம் வந்து எல்லாவற்றையும் பார்த்து, தனக்கும் ஒரு வாய் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்து சரி செய்தார். நான் கெட்டிலுக்குப் பணம் கொடுக்கிறேன் என்று மூன்று தடவை சொன்னேன், மூன்றாவது தடவைக்குப் பின் அம்மா என் கையைக் கிள்ளினாள். அந்த மடங்கின விரல்களால் கிள்ள முடியும் என்று எனக்குத் தெரியாது. இன்னும் சிவந்திருக்கிறது, இதோ, மணிக்கட்டுக்கு மேலே. வலிக்கிறது. நல்ல கிள்ளு.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதைத்தான் காலையில் இருந்து நினைக்காமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். ஜிஎஸ்டி என்கிறேன், டெபாசிட் என்கிறேன், பதினோராவது விதி என்கிறேன், எல்லாம் இதன் மேல் போட்டு மூடிய துணிகள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதுதான் பயம். கணபதியில் ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் பார்த்து வைத்திருக்கிறேன், ஜன்னலோரம். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்கலாம். குடித்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். புனேயில் ஆறு மாதப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள், போன வருடம் மாட்டேன் என்றேன், இந்த வருடமும் கேட்பார்கள். கன்னியாகுமரி வரைக்கும் தனியாக ஒரு ரயிலில் போக வேண்டும், எதற்கும் இல்லை, சும்மா. இதையெல்லாம் நினைக்கிறவள் எப்படி நல்ல மகளாக இருக்க முடியும்? அழ வேண்டிய நாள் இது. அழுதால் மாமா கூட மன்னித்துவிடுவார். ஆனால் உள்ளே தண்ணீர்ச் சத்தத்தோடு அம்மா சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குள்ளே யாரோ ஜன்னல் திறக்கிற மாதிரி இருக்கிறது, உடனே பயந்து சாத்துகிறேன். கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதும் ஒரு பயம். வரி கட்டி, டெபாசிட் கட்டி, மீதியை வங்கியில் போட்டால் வட்டியும் மில் பென்ஷனும் சேர்ந்து கட்டணம் போக மாதம் ஏதோ இரண்டாயிரம் மிஞ்சுகிறது, அந்த வட்டிக்கு அம்மாவுக்கு வரியும் வராது. ஆனால் கட்டணம் வருடா வருடம் ஏறும், வட்டி ஏறாது. எந்த வருடத்தில் இருந்து என் சம்பளத்தில் எடுக்க வேண்டும், எந்த வருடத்தில் இருந்து வங்கியில் இருப்பதே கரையத் தொடங்கும் என்று தெரிந்துகொள்ள எக்செல்லில் ஒரு கணக்குப் போட்டேன். போட்டு முடித்தபோது ஒரு கட்டம் காலியாக நின்றது. எத்தனை வயது வரை. அம்மாவுக்கு இப்போது அறுபத்து நான்கு. அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டால்தான் மற்றவை நிரம்பும். விரல் விசைப் பலகையின் மேல் நின்றது. எந்த எண்ணைப் போட்டாலும் அது ஒரு மகள் போடக்கூடிய எண் இல்லை. எழுபத்தைந்து என்றால் எல்லாக் கட்டமும் பச்சையாக வந்திருக்கும் என்று போடாமலேயே தெரிந்தது. நூறு என்று போட்டேன். பாதிக்குக் கீழே எல்லாம் சிவப்பாகிவிட்டது, என் சம்பளம், இன்னும் வராத சம்பள உயர்வு எல்லாவற்றையும் சேர்த்தும் சிவப்பு, பக்கம் முழுக்கக் குங்குமம் கொட்டின மாதிரி. அதைப் பார்த்து அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிவக்கட்டும். நூறு வயதில் அம்மா இந்தக் கட்டிலில் உட்கார்ந்து யாரையாவது கிள்ளிக்கொண்டிருப்பாள், எனக்கு அறுபத்து நான்கு ஆகியிருக்கும், இல்லை அறுபத்து மூன்று, பக்கத்து அறைக்கு நானும் விண்ணப்பித்திருப்பேன். அப்போது இதற்கெல்லாம் வரி எப்படியோ.

தண்ணீர் நின்றுவிட்டது. சத்தமே இல்லை. துடைக்கிறார்கள். விரல் இடுக்கில் துடைக்கிறாளா, அங்கேதான் ஈரம் நின்று புண்ணாகும். நடக்கும் சத்தம். ஒரு அடி, இன்னொரு அடி, “மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல” என்கிறாள் ஜெனோவா அக்கா. அவசரம் இல்லை. இரண்டு வருடத்தில் இந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. அம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? இதுவரை அப்படி யோசிக்கவே இல்லை. வெளியே வந்து, வேண்டாம் கண்ணு, வீட்டுக்கே போகலாம் என்று சொன்னால்? அப்போது அந்த ஜன்னலோரக் கட்டில், அந்த ரயில், அவற்றை எங்கே வைப்பேன்? முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? அம்மாவுக்கு என் முகத்தைப் பார்க்கவே வேண்டாமே, முதுகாலேயே கண்டுபிடித்துவிடுவாளே. பேனா மூடி கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. குனிந்து தேடுகிறேன். பிளாஸ்டிக் உறை சத்தம் போடுகிறது. கதவு திறக்கிறது.

அம்மா ஜெனோவா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் சிவந்திருக்கிறது. ஈரத் தலையில் துண்டு சுற்றியிருக்கிறது, நான் சுற்றுவது மாதிரி தளர்வாக இல்லை, கோபுரம் மாதிரி. நெற்றியில் ஒரு சொட்டு மூக்கை நோக்கி இறங்குகிறது, அவள் அதைத் துடைக்கவில்லை, அனுபவித்துக்கொண்டு நிற்கிறாள். நான் தரையில் மண்டியிட்டு, கையில் பேனா மூடியோடு அவளை அண்ணாந்து பார்க்கிறேன்.

“கையெழுத்துப் போட்டுட்டயா?” என்கிறாள்.

நீ இன்னும் சொல்லவே இல்லையே என்கிறேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளை குரலாகக் கேட்கிறது.

அம்மா மெதுவாக வந்து நாற்காலியில் உட்காருகிறாள். ஒரு பெருமூச்சு. தோளை ஒரு தடவை சுழற்றிப் பார்க்கிறாள். “உனக்கு எண்ணெய் தேய்க்கவே வராது கண்ணு. எலிக் குஞ்சைத் தடவற மாதிரித் தடவுவே. ரெண்டு வருசமா வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன்.”

ஜெனோவா அக்கா வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறேன். சொன்னா இன்னொருக்கா தேய்ப்பயே என்கிறாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வருகிறது, தொண்டையில் இருந்து இல்லை, வேறு எங்கேயோ இருந்து, நிறுத்த முடியவில்லை, சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தை மெத்தை மேல் வைத்து அந்தக் கோட்டில் கோகிலவாணி என்று எழுதுகிறேன், பிளாஸ்டிக் வழுக்கி எழுத்து மேலும் கீழும் போகிறது, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் மகள். தேதி. முடிந்தது. அம்மா எட்டிப் பார்த்து, உம்பேரு இத்தனை நீளமா என்கிறாள்.

பிறகு ஜெனோவா அக்கா பக்கம் திரும்பி, கீழே சாப்பாட்டுக்கு இரண்டு பேர் என்று சொல்லிவிடச் சொல்கிறாள். “ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு ஒரம்பரைக்கு.” ஒரம்பரை என்றால் என்ன என்று வள்ளியூர்க்கார அக்கா கேட்கிறாள். விருந்தாளிங்க, எங்கூட்டுக்கு வந்திருக்குது பாருங்க என்று என்னைக் காட்டுகிறாள் அம்மா. வெளியாட்கள் சாப்பிட்டால் தனியாக எவ்வளவு, அதற்கு ரசீது உண்டா, கட்டணத்தில் சேர்ந்து இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடுமா என்று கேட்க வாயெடுக்கிறேன். ஈரத்துணி கீழே கிடக்கிறது, எடுத்துக் காயப்போட எழுந்திருக்கிறேன்.

“உக்காரு” என்கிறாள் அம்மா. “வந்த எடத்துல வேலை செய்யாத. சாப்பாட்டை எங்கணக்குல எழுதிக்குவாங்க.”

நான் உட்காருகிறேன். துணியை அந்த அக்கா எடுத்துக்கொண்டு போகிறாள். சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று தெரியாமல், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், அம்மாவின் வீட்டில், அம்மாவுக்கு எதிரில், சாப்பாட்டு மணி அடிப்பதற்காகக் காத்திருக்கிறேன்.